மாடிப்படி ஏறி வந்த பத்தாம் வகுப்பு

திருப்பூர் காதர்பேட்டையில் பொத்தானும் ஜிப்பும் மொத்தமாக விற்கிற ஒரு கடைக்கு மேல்மாடியில் நடந்த ஸ்பானிஷ் வகுப்பில் சாந்தாமணி போய்ச் சேர்ந்ததற்குப் படிப்பு ஆசை காரணமில்லை. ஸ்பெயின் தேசத்திலிருந்து சரக்கு வாங்குகிற பையர் ஒருவரிடம் ஆர்டர் பிடித்திருந்த எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரர், அந்த ஊர் ஆட்கள் பார்வையிட வரும்போது வணக்கம் சொல்லி, உட்காரச் சொல்லி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற அளவுக்காவது பேசத் தெரிந்த யூனிட்டுகளுக்குத்தான் இனிமேல் தைக்கக் கொடுப்பேன் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். சாந்தாமணியும் அவள் புருஷன் நாச்சிமுத்துவும் வீட்டை ஒட்டிய ஷெட்டில் பத்துப் பதினைந்து மெஷின் போட்டு, பெரிய கம்பெனி வெட்டிக் கொடுக்கிற துணியை வாங்கிவந்து டீ-சர்ட்டாகத் தைத்துத் திருப்பிக் கொடுக்கிறவர்கள். நாச்சிமுத்துவுக்குத் தமிழிலேயே நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது என்பதால், போக வேண்டியவள் அவள்தான் என்று ஆயிற்று.

சொல்லிக் கொடுத்தவர் மச்சாது மாஸ்டர். தூத்துக்குடிக்காரர், சரக்குக் கப்பலில் சமையல்காரராகப் பாதி ஆயுசைக் கழித்தவர், தென் அமெரிக்கத் துறைமுகங்களில் வெங்காயத்துக்கும் மீனுக்கும் பேரம் பேசிப் பேசியே அந்த மொழியைக் கற்றவர், மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் என்று திருப்பூருக்கு வந்து ஒதுங்கியவர். அவர் கையில் இருந்தது ஒரே ஒரு பாடப்புத்தகம், அதில் முதல் பாடம் படிப்பைப் பற்றியது. நீ என்ன படிக்கிறாய், எங்கே படிக்கிறாய், உனக்குப் படிக்கப் பிடிக்குமா என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். எழுந்து நிற்க வேண்டியவர்களோ நரைத்த தலைகளும், மூக்குக் கண்ணாடிகளும், பேரன் பேத்தி எடுத்தவர்களுமாக இருந்தார்கள்.

"நாங்க எங்கீங்க மாஸ்டர் படிக்கறோம்? படிப்பை மூட்டை கட்டி வெச்சு மாமாங்கமாச்சுங்க" என்றார் கட்டிங் மாஸ்டர் கருப்பணன்.

"அது அந்த ஊர்க்காரனுக்குத் தெரியாதுல்லா. ஸ்பானிஷ் கத்துக்க வாறவன் எல்லாம் படிக்கிற பிள்ளைன்னு அவன் பாட்டுக்கு நெனச்சு எழுதி வச்சிருக்கான். அவன் நெனப்பை நாம ஏன்யா கெடுக்கணும், சும்மா சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த சிரிப்பில் கொஞ்சம் கூச்சமும் இருந்தது, ஏனென்றால் அந்த மாடியில் உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர், அந்த ஊரிலேயே முக்கால்வாசிப் பேரைப் போல, ஏழிலோ எட்டிலோ பத்திலோ பையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு பனியன் கம்பெனிக்கு வந்தவர்கள். முதலில் எழுந்தவள் சாந்தாமணி. "கே எஸ்தூதியாஸ்?" என்று மாஸ்டர் கேட்டார், என்ன படிக்கிறாய் என்று அர்த்தம். "எஸ்தூதியோ மத்தெமாத்திகாஸ்" என்று அவள் சொன்னாள், கணக்குப் படிக்கிறேன் என்று அர்த்தம். சொல்லி வாயை மூடுவதற்குள் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது, நீலப் பாவாடையும் வெள்ளைத் தாவணியும் ரெட்டைச் சடையுமாக ஒரு பெண் மஞ்சள் பையோடு ஏறிவந்து, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, கணக்குப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டாள். பாவாடையின் கீழ்மடிப்பு பிரிந்த இடத்தில், வீட்டில் நீல நூல் இல்லாததால், கருப்பு நூலில் தையல் போட்டிருந்தது. அந்தத் தையலைப் பார்த்ததும் சாந்தாமணிக்குத் தெரிந்துவிட்டது. அதைப் போட்டவள் அவளேதான், பத்தாம் வகுப்பு படித்தபோது அரைப்பரீட்சைக்கு முந்தின வாரத்தில்.

யாரும் மூக்கின் மேல் விரலை வைக்கவில்லை. திருப்பூரில் எந்த நேரத்தில் யார் வந்து இறங்கினாலும் எந்த ஊரு, எந்தக் கம்பெனி, ரூம் எடுத்தாச்சா என்று கேட்பார்கள், அதோடு வந்த ஆள் ஊர்க்காரர் ஆகிவிடுவார். கருப்பணன், "நவுந்து உக்காருங்க, அந்தப் புள்ளைக்கு எடம் பத்தல பாருங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு தன் முறை வந்ததும் எழுந்து, வரலாறு படிக்கிறேன் என்று திக்கித் திணறிச் சொன்னார், காக்கி டிரவுசரும் பொத்தான் அறுந்த சட்டையுமாக ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மூச்சிரைக்க ஓடிவந்து அவர் பக்கத்தில் நின்றான். கீழேயிருந்து பொத்தான் கடைக்காரர் ஏறிவந்து பார்த்து, எந்தக் கேள்வியும் கேட்காமல், அந்தச் சட்டைக்குப் பொருத்தமாக ஒரு வெள்ளைப் பொத்தான் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வகுப்பில் இடம் இல்லாமல் போனது. ஓவர்லாக் டெய்லர்களும், சாயப்பட்டறைக்காரர்களும், அயர்ன் மாஸ்டர்களும், ஸ்பெயின் எந்தத் திசையில் இருக்கிறதென்று தெரியாதவர்கள்கூட, அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போக வரிசையில் நின்றார்கள், சொன்னவர்கள் எல்லோருக்கும் அவரவர் விட்ட வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை வந்தது. பொத்தான் கடைக்காரர் எம்.காம். முடித்தவர், அவர் எத்தனை தடவை சொல்லியும் படியில் ஒரு பூனைகூட ஏறவில்லை, அதனால் ரொம்ப நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். டீக்கடைகளில் அந்தப் பிள்ளைகளுக்கென்று அரை கிளாஸ் பால் தனியாகக் காய்ச்சினார்கள். டவுன் பஸ் கண்டக்டர்கள் சீருடையைப் பார்த்ததும் டிக்கெட் கேட்பதை விட்டார்கள். மாநகராட்சிப் பள்ளித் தலைமையாசிரியை, வருகைப் பதிவில் சேர்க்க வழியில்லை, கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளட்டும் என்றார், பத்தாவது பிள்ளைகளைத் தனித்தேர்வராகப் பரீட்சை எழுத வைக்கலாம் என்றும் அவரே வழி சொன்னார். எக்ஸ்போர்ட் முதலாளிகள் மட்டும் கூட்டம் போட்டுக் கவலைப்பட்டார்கள், பையர் அனுப்புகிற ஆடிட்காரர்கள் கம்பெனிக்குள் ஒரு வாண்டைப் பார்த்தாலே ஆர்டர் போய்விடுமே என்று. கடைசியில், படிக்கிற பிள்ளை எதுவும் கம்பெனி கேட்டைத் தாண்டக்கூடாது என்று முடிவானது. கருப்பணன் அதற்கும் மேலே போய், தன் பையனைக் கம்பெனி இருக்கிற தெருவுக்கே வரவிடமாட்டேன் என்று சொல்லி, தினமும் பள்ளிக்கூடத்து வாசலில் விட்டுவிட்டுத் தெருவைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார்.

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வந்தது, எழுத வந்தது, ஆனால் தமிழில் பேசினால் காதில் விழவில்லை. கூப்பிட்டுப் பார்த்தார்கள், கொஞ்சிப் பார்த்தார்கள், அதட்டிப் பார்த்தார்கள், பிள்ளைகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. கருப்பணன்தான் ஒருநாள் டீ குடித்துக்கொண்டே அதைச் சாந்தாமணியிடம் எடுத்துச் சொன்னார்.

"கடேசியா அதுகளுக்குத் தமிழ்ல என்னத்தக்கா சொன்னாங்க? என்ற பையங்கிட்ட எங்கய்யன், படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறே, நாளைக்கிருந்து கம்பெனிக்கு வான்னாரு. அதுக்கு மேல தமிழ்ல எதுவும் வேண்டாம்னு காதைச் சாத்தீட்டானுங்."

ஸ்பானிஷில் கேட்டால் பதில் சொன்னார்கள். ஆகவே ஆர்டருக்காக வந்தவர்களும், வேடிக்கை பார்க்க வந்தவர்களும், தங்கள் பிள்ளையிடம் இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்பதற்காக ராப்பகலாக உருப்போட ஆரம்பித்தார்கள். துணியை மடித்துக்கொண்டே வாரநாட்களைச் சொன்னார்கள், பாத்திரம் தேய்த்துக்கொண்டே பாடங்களின் பெயரைச் சொன்னார்கள், அந்த வருஷம் திருப்பூரில் ஸ்பானிஷில் பேசிக்கொண்ட பேச்செல்லாம் படிப்பைப் பற்றிய பேச்சுதான். சாந்தாமணி வீட்டு முன்னறையில் பேனுக்கு அடியில் அந்தப் பெண்ணுக்கு ஒரு மேஜை போட்டுக் கொடுத்தாள். அக்கம்பக்கத்தார் சின்னமணி என்று பெயர் வைத்துவிட்டார்கள். "தே குஸ்தா எஸ்தூதியார்?" என்று சாந்தாமணி கேட்பாள், படிக்கப் பிடிக்குதா கண்ணு என்று. "மே குஸ்தா முச்சோ" என்று சின்னமணி சொல்வாள், ரொம்பப் பிடிக்கும் என்று. இந்த ஒரு கேள்வியையே சாந்தாமணி சலிக்காமல் திரும்பத் திரும்பக் கேட்டாள். பெற்ற மகனை அவள் இன்ஜினியரிங் படிக்க வைத்தாள், அவன் பெங்களூரில் வேலையில் இருந்தான், படிக்கப் பிடிக்குதா என்று அவனிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

அவளிடமும் யாரும் கேட்டதில்லை. அரைப்பரீட்சைக்கு முந்தின வாரம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவளிடம் அம்மா வந்து நின்று, வேன் வாசலில் நிற்கிறது, பிசிறு வெட்ட ஆள் பத்தவில்லையாம், இன்னைக்கு ஒருநாள் மட்டும் வா அம்முணி என்றாள். பிசிறு என்றால் தைத்து முடித்த துணியில் தொங்கிக்கொண்டிருக்கும் நூல் முனைகள், அதைச் சின்னக் கத்தரியால் நறுக்கிப் போடுவதுதான் திருப்பூரில் எல்லோருக்கும் முதல் வேலை. அந்த ஒருநாள் மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது, அப்படியே கல்யாணம் வரைக்கும் வந்தது. செத்துப்போன அம்மாவைச் சாந்தாமணி அந்த ஒரு வார்த்தைக்காக மட்டும் மன்னிக்கவே இல்லை. இந்தப் பெண்ணாவது பத்தாவது எழுதி முடிக்கட்டும், அதைப் பார்த்தால் தனக்குள் என்னவோ ஒன்று அடங்கிவிடும் என்று அவள் நம்பினாள், வேறு எதையும் அவள் வாழ்க்கையில் அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. நாச்சிமுத்துவை அனுப்பிப் பரீட்சைக்குப் பணம் கட்டினாள். ஹால்டிக்கெட் வந்ததும் சாமி படத்துக்கு அடியில் வைத்தாள். கருப்புத் தையலைப் பிரித்து நீல நூலில் தைத்துக் கொடுத்தாள்.

கணக்குப் பரீட்சை திங்கட்கிழமை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில், பெரிய கம்பெனியிலிருந்து டெம்போ வந்து மூட்டை மூட்டையாக டீ-சர்ட்டுகளை வாசலில் இறக்கியது. பிசிறு சரியாக வெட்டவில்லை என்று பையரின் ஆள் மொத்தத்தையும் திருப்பிவிட்டிருந்தார், சாயங்காலம் கண்டெய்னர் கிளம்பிவிடும். ஷெட்டில் வேலை பார்த்த வடக்கத்திப் பையன்கள் அத்தனை பேரும் ஹோலிக்கு ஊருக்குப் போயிருந்தார்கள், பிசிறு வெட்ட வருகிற உள்ளூர்ப் பெண்கள் இருவரும் போனை எடுக்கவில்லை. நாச்சிமுத்து ஒரு கத்தரியும் சாந்தாமணி ஒரு கத்தரியுமாக உட்கார்ந்தார்கள், மத்தியானம் வரைக்கும் வெட்டியும் குவியல் குறைந்த மாதிரியே தெரியவில்லை.

சின்னமணி முன்னறை மேஜையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். திறந்த கதவு வழியாக அவளுடைய கைகள் தெரிந்தன. திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு பார்வை உண்டு, யாராவது இரண்டு கையோடு உட்கார்ந்திருந்தால் அந்தக் கையில் எந்த வேலை நிற்கும் என்று கண் அதுபாட்டுக்கு அளந்துவிடும், விருந்துக்கு வந்த சம்பந்தியின் மடியில்கூடப் பேச்சோடு பேச்சாக ஒரு கட்டுத் துணியை வைத்துவிடுவார்கள், வாங்கிக்கொண்ட சம்பந்தியும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார். சாந்தாமணியின் கண்ணும் அளந்தது. அவசரத்தில் அவள் வாயில் ஸ்பானிஷ் வரவில்லை. மூன்றாவது கத்தரியை எடுத்துக்கொண்டு போய் மேஜையோரம் நின்றாள்.

"ஆள் பத்தல சாமி. இன்னைக்கு ஒருநாள் மட்டும் வா அம்முணி."

சின்னமணி தலையைத் தூக்கினாள். மாதக்கணக்காகத் தமிழே காதில் விழாதவளுக்கு அது விழுந்தது. புத்தகத்தில் பென்சிலை அடையாளம் வைத்து மூடினாள், எழுந்து வந்து குவியலுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், கத்தரியில் விரலை மாட்டினாள். சாந்தாமணி மேஜை மேல் மூடிக் கிடந்த புத்தகத்தை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். ஆனால் குவியல் முன்னால் கிடந்தது, சின்னமணியின் கையோ கத்தரிக்கே பிறந்த கை மாதிரி ஓடியது, நாளைக்குத்தானே பரீட்சை, இன்னும் ராத்திரி முழுக்க இருக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இடையில் ஒரே ஒரு தடவை சின்னமணி, "மன்யானா தெங்கோ எக்ஸாமென்" என்று முணுமுணுத்தாள், நாளைக்கு எனக்குப் பரீட்சை இருக்கு என்று. "சி, சி" என்றாள் சாந்தாமணி, ஆமா ஆமா என்று, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். பொழுது சாயும்போது சரக்கு கண்டெய்னருக்குப் போய்ச் சேர்ந்தது. கத்தரியைக் கழற்றிய சின்னமணியின் விரலில் சிவப்பாக ஒரு தடம் விழுந்திருந்தது. அதே இடத்தில் சாந்தாமணியின் விரலில் காய்ப்பாகவே இருக்கிற தடம் அது. தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து தடவித் தடவிப் பார்த்தாள், அது போகவில்லை.

திங்கட்கிழமை காலையில் தாவணிக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணி, பேனாவில் மை நிரப்பி, இட்லி வைத்துக்கொண்டு சாந்தாமணி கூப்பிட்டாள். சின்னமணி குளித்துவிட்டு வந்தாள். ரெட்டைச் சடையை அவிழ்த்து ஒரே கொண்டையாகப் போட்டிருந்தாள். மஞ்சள் பை மேஜை மேலேயே இருந்தது, அவள் அடுப்படிக்குப் போய் இட்லியைத் தூக்குப்போசியில் போட்டு மூடிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"எஸ்தூதியாஸ்?" என்றாள் சாந்தாமணி. "கே எஸ்தூதியாஸ்? தோந்தே எஸ்தூதியாஸ்? தே குஸ்தா எஸ்தூதியார்?" என்ன படிக்கிறாய், எங்கே படிக்கிறாய், படிக்கப் பிடிக்குமா, கற்றுக்கொண்ட அத்தனையையும் அவள் முன்னால் கொட்டினாள். சின்னமணி தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அந்த மொழி இப்போது அவள் காதில் விழவில்லை. சாந்தாமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் அழுதாள். "பள்ளிக்கோடத்துக்குப் போ கண்ணு. நாந்தான் தெரியாம சொல்லீட்டேன். ஒருநாள்னா ஒருநாள்தான், அது முடிஞ்சுபோச்சு. உன்ற கால்ல வேணா உளுகறேன், போ."

சின்னமணி திரும்பினாள். அந்தக் குரலைச் சாந்தாமணி கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது, அவளுடைய சொந்தக் குரல்தான், மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தித் தடித்துப் போவதற்கு முன்னால் இருந்த குரல்.

"படிச்சது போதுமுங்கக்கா. வேன் வந்துருச்சு" என்றாள்.

உண்மையாகவே வந்திருந்தது. எப்போதோ மூடிப்போன கம்பெனியின் பழைய மெட்டாடர் வேன், பக்கவாட்டில் பெயிண்ட் உரிந்து, உள்ளே பாவாடை தாவணிப் பெண்கள் ஒருவர் மேல் ஒருவராக நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். யாரோ உள்ளிருந்து கை கொடுத்தார்கள், சின்னமணி ஏறிக்கொண்டாள். தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் வேனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, அது போனதும் மறுபடி குனிந்து கோலத்தை முடித்தார்கள். நாச்சிமுத்து வாடகைக்கு ஒரு டெம்போவை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடினான். அந்த வேன் எந்தக் கம்பெனி வாசலிலும் நிற்கவில்லை.

சித்திரையில் கருப்பணனின் பையன் எட்டாம் வகுப்புக்குப் பாஸானான், அவர் மாடியில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். சாந்தாமணிக்குக் கொடுக்கும்போது மட்டும் அவர் கை கொஞ்சம் தயங்கியது, அவள் வாங்கித் தின்றாள், நல்லா இருக்கு என்றும் சொன்னாள். பிறகு எழுந்து நின்று, யாரும் கேட்காமலே, "எஸ்தூதியோ மத்தெமாத்திகாஸ்" என்று சொன்னாள். மாடிப்படியைப் பார்த்தாள். இன்னொரு தடவை சொன்னாள். வகுப்பு முழுக்க அவளோடு சேர்ந்து படியைப் பார்த்தது. கீழே பொத்தான் கடைக்காரர் யாருக்கோ பொத்தான் நிறுத்துக் கொடுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிய பிறகு மச்சாது மாஸ்டர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் எல்லோரையும் கேள்வி கேட்பாரே தவிர, படிக்கிறேன் என்ற அந்த வாக்கியத்தை வகுப்பில் தன் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"எனக்கும் ஒருத்தன் வந்தாம்மா, கப்பல்ல. எட்டாங்கிளாஸ். நல்லாப் படிக்கிற பய." அவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அன்னைக்கு அடுப்படியில ஆளில்ல. இந்த வெங்காயத்த மட்டும் உரிச்சுக் குடுலேன்னு சொல்லிப்புட்டேன்."

"திரும்ப வந்தானுங்களா?"

மாஸ்டர் புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்தார். "மழை வர்ற மாதிரி இருக்கு, பாத்துப் போங்கம்மா" என்றார்.

சாந்தாமணி இன்றைக்கும் அந்த வகுப்புக்குப் போகிறாள். ஸ்பெயினிலிருந்து ஆட்கள் வந்தால் பெரிய கம்பெனியில் அவளைத்தான் முன்னால் நிறுத்துகிறார்கள், வணக்கமும் தண்ணீரும் தாண்டி விலை, தேதி, துணியின் எடை வரைக்கும் அவள் பேசிவிடுகிறாள், எந்தக் காலேஜில் படித்தீர்கள் என்று அவர்கள் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுகிறாள். புதிதாகச் சேர்கிறவர்களுக்காக மாஸ்டர் முதல் பாடத்தை மறுபடி நடத்தும்போது, ஒவ்வொருவராக எழுப்பி என்ன படிக்கிறாய் என்று கேட்டுக்கொண்டே வருகிறார், படியில் ஒவ்வொரு பிள்ளையாக ஏறி வருகிறது. சாந்தாமணியின் முறை வரும்போது மட்டும் மாஸ்டர், "கே ஓரா எஸ்?" என்று கேட்கிறார், மணி என்ன என்று அர்த்தம். அவள் எழுந்து நின்று, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, தப்பில்லாமல் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறாள்.